நாயனமும் வயலின் கூட்டமும்: வீட்டு விசேஷத்துக்கு வைக்கலாமா?

மாலை வரவேற்புக்குத் தாராளமாக வைக்கலாம். திருப்பூட்டுக்கு (தாலி கட்டும் சடங்குக்கு) வேண்டாம். அவசரக்காரர்கள் இத்தோடு எழுந்துகொள்ளலாம். காரணம் தெரிய வேண்டியவர்களுக்கும், ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு முழித்துக்கொண்டிருப்பவர்களுக்கும்தான் மீதி.

கீபோர்டும் பேடும் வைத்துச் சினிமாப் பாட்டுப் பாடும் ஆர்கெஸ்ட்ராவைப் பற்றியதல்ல இந்த மதிப்பீடு. சென்னையில் ரெக்கார்டிங்குக்கு வாசிக்கிற வயலின், வயோலா, செல்லோக்காரர்களைக் கூட்டி வந்து, நம் ஊர் நாயனம், தவிலோடும் வீணை, மிருதங்கத்தோடும் உட்காரவைத்து, மேற்கத்திய முறையில் எழுதிய ஸ்கோரைப் பார்த்துக் கீர்த்தனை வாசிக்கும் சேவை. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டுக் கல்யாணத்தில் காலை, மாலை இரு வேளையும் இதைக் கேட்டதன் பேரில் எழுதுவது. குழுவின் பெயரைப் போடவில்லை. இந்த வேலைக்கு வருகிற வாசிப்பாளர்கள் குழுவுக்குக் குழு மாறி மாறி உட்காருகிறவர்கள்தான். பெயரைப் பார்த்து முடிவெடுப்பதில் பிரயோஜனமில்லை. யார் எழுதிய ஸ்கோர் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆள் கணக்கு: முதல் வயலின் 4, இரண்டாம் வயலின் 3, வயோலா 2, செல்லோ 2, டபுள் பேஸ் 1. ஆக நரம்பு வாத்தியம் 12. அதற்குமேல் ஒரு கிளாரினெட், ஒரு புல்லாங்குழல், கையசைக்க ஒரு கண்டக்டர். நாயனம், தவில், ஒத்து (ஒரே சுருதியை விடாமல் ஊதும் குழல்) மூன்றும் பெண் வீட்டார் எப்போதும் வைக்கிற மேளம். இந்த அளவு வளவுக்கு (வீட்டின் நடு முற்றத்துக்கு) போதும். 20 பேர் கொண்ட பேக்கேஜும் இருக்கிறது, அதைத் தள்ளிவிடுங்கள். தூண்களுக்கு நடுவே அத்தனை பேருக்கு இடம் கிடையாது, சத்தமும் குழம்பும்.

முதல் தகராறு கட்டையில், அதாவது ஆதார சுருதியில்தான் வரும். பாரி நாயனம் (நீளமான வகை நாயனம்) பெரும்பாலும் 2 கட்டை அல்லது 2½ கட்டை. 2 கட்டை என்றால் மேற்கத்தியக் கணக்கில் ‘டி’. வயலின் தந்திகள் ஜி, டி, ஏ, இ. ‘டி’யை ஸட்ஜமாக (ஆதார ‘ஸ’வாக) வைத்தால் திறந்த தந்திகளே மத்யமம், ஸட்ஜம், பஞ்சமம், சதுச்ருதி ரிஷபம் என்று உட்கார்ந்துவிடும். வயோலாவிலும் செல்லோவிலும் சி, ஜி, டி, ஏ. அங்கேயும் ஸட்ஜ பஞ்சமம் இரண்டும் விரல் வைக்காத தந்தி. மற்ற தந்தியில் ஸட்ஜம் பேசும்போது இந்தத் திறந்த தந்தியும் கூடவே அதிரும். 12 பேர் வாசிப்பது 20 பேர் வாசிப்பதுபோல் கேட்பதற்கு அதுதான் காரணம்.

2½ கட்டை என்றால் ‘இ-ஃபிளாட்’. அங்கே திறந்த தந்தியில் ஸட்ஜமும் இல்லை, பஞ்சமமும் இல்லை. எல்லாவற்றுக்கும் விரலை அழுத்த வேண்டும். சத்தம் மங்கும், சுருதி தேடும் நேரம் கூடும். தந்தியையே அரைச்சுரம் ஏற்றிவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அரைச்சுரம் ஏற்றினால் இழுவிசை சுமார் 12 சதவீதம் கூடுகிறது. வயலினின் மெல்லிய ‘இ’ தந்தி அறுகிற அபாயம் உண்டு. அறாவிட்டாலும் புதிய இழுப்புக்குப் பழகும்வரை தந்தி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கல்யாணத்தில் நடந்தது அதேதான். ஸ்கோர் ‘டி’யில் அச்சாகி வந்திருக்கிறது, மேளக்காரர் கையில் 2½ கட்டை நாயனம். குழுவின் புக்கிங் படிவத்தில் மண்டபமா வீடா, எத்தனை நாற்காலி, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று எல்லாம் கேட்டிருக்கிறார்கள். நாயனம் எத்தனை கட்டை என்று கேட்கவில்லை. நல்ல வேளையாக மேளக்காரரிடம் 2 கட்டை நாயனமும் வீட்டில் இருந்தது. அதை எடுத்து வரும்வரை ஒத்திகை நேரம் வீணாயிற்று. ஒரு மாதம் முன்பே மேளக்காரரிடம் கட்டையைக் கேட்டுக் குழுவுக்கு எழுத்தில் தெரிவிப்பது வீட்டாரின் வேலையாக இருக்கக் கூடாது. ஆனால் இன்றைய நிலையில் நீங்கள்தான் செய்ய வேண்டும். வீணை சேர்ப்பதாக இருந்தால் அதையும் கேளுங்கள். நல்ல வீணை 4 கட்டை வாக்கில் பேசுவது. 2 கட்டைக்கு இறக்கினால் தந்தி தொளதொளத்து, இழுத்து வாசிக்கிற கமகம் (சுர அசைவு) எல்லாம் நீர்த்துப்போகும். சாம்பசிவ ஐயர், சுப்பராம ஐயர் சகோதரர்களால் வீணைக்குப் பேர்போன காரைக்குடிக்குப் பக்கத்திலேயே வீணையை இப்படித் தொங்கவிட்டு வாசித்தால் கேட்கிறவர்கள் சும்மா இருப்பார்களா. மாலையில் வீணைப் பகுதியைத் தனியாக 4 கட்டையில் வைத்து, நரம்பு வாத்தியங்களுக்கு ‘எஃப்’பில் தனி ஸ்கோர் எழுதியிருந்தார்கள். அது சரியான முடிவு.

கட்டை பொருந்தியபின் வெயில். காற்று வாத்தியத்துக்குள் காற்று சூடேறச் சூடேற சுருதி ஏறும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3 சென்ட். அரைச்சுரம் என்பது 100 சென்ட். காலை ஏழு மணிக்கும் பதினோரு மணிக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் கணக்குப்படி 30 சென்ட். வாசிப்பவரின் மூச்சுச் சூடு உள்ளே இருப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறையும், ஆனாலும் காதில் குத்துகிற அளவு உண்டு. நரம்பு வாத்தியம் எதிர்த்திசையில் போகும்: சூட்டில் தந்தி நீண்டு சுருதி இறங்கும். நாயனம் மேலே, வயலின் கீழே. காலையில் இவர்கள் கைப்பேசியில் ட்யூனர் செயலியை வைத்து, ‘ஏ’ 440 என்று முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாயனம் அந்த முள்ளைப் பார்த்து வாசிப்பதில்லை. மாலையில் செய்த முறையே சரி: நாயனக்காரர் ஐந்து நிமிடம் ஊதி வாத்தியத்தைச் சூடேற்றி, சீவாளி (ஊதும் நாணல்) பதமாகி, அதைத் தாங்கும் கெண்டையைச் சரிசெய்து ஸட்ஜத்தை நிறுத்தினார். ஒத்தை அதற்குச் சேர்த்தார்கள். செல்லோ முதலில், பிறகு வயோலா, பிறகு வயலின் என்று கீழிருந்து மேலே சேர்ந்தது. இரண்டு உருப்படிக்கு ஒரு முறை மறுபடி பார்த்துக்கொண்டார்கள். கிளாரினெட் மட்டும் இழுத்துத் தள்ளிச் சரிசெய்ய இடம் குறைந்த வாத்தியம். கடைசிவரை ஒரு நூல் ஏறியே நின்றது. கிளாரினெட்டில் கமகம் வராது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் ஒரு வாழ்நாள் முழுக்க வாசித்துக் காட்டியிருக்கிறார். ஸ்கோர் பார்த்து வாசிக்கிறவரிடம் அதை எதிர்பார்ப்பதுதான் தப்பு.

இனி வீடு. கல்யாண மண்டபத்தில் வாசிப்பதும் வளவில் வாசிப்பதும் ஒன்றல்ல. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர், ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி. எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கிற வழவழப்பு. காப்பாற்றுவது நடுவில் திறந்திருக்கும் வானம். மேலே போன ஒலி திரும்பி வராது. பல வீடுகளில் இப்போது மழைக்கும் புறாவுக்கும் பயந்து வளவின் மேல் கண்ணாடி நார் ஷீட் போட்டு மூடிவிட்டார்கள். அப்படி மூடிய வளவில் தவிலின் ஒவ்வொரு அடியும் அடுத்த அடியின் மேல் ஏறி விழும். மூடிய வளவு என்றால் சுற்றுக்கட்டில் ஜமக்காளம் விரித்து, தூண்களுக்கு இடையே கனமான துணி கட்டுங்கள். அலங்காரக்காரர் எப்படியும் ஏதோ துணி கட்டத்தான் போகிறார், மெல்லிய நெட் துணிக்குப் பதில் வெல்வெட்டாகக் கட்டச் சொன்னால் போதும். பூத் தோரணம் ஒலிக்கு ஒன்றும் செய்யாது.

ஆத்தங்குடிக் கல்லில் இன்னொரு சங்கடம். செல்லோவையும் டபுள் பேஸையும் தரையில் ஊன்ற அடியில் ஓர் இரும்பு முள் உண்டு. மரத்தரையில் அது குத்தி நிற்கும். மெழுகி மெழுகிக் கண்ணாடியாகிவிட்ட கல்லில் வில்லை அழுத்தி இழுத்ததும் முள் முன்னால் சறுக்கும்; சறுக்கும்போது கல்லில் ஒரு வெள்ளைக் கீறல் விழும். சிமென்டும் வண்ணமும் கண்ணாடி மேல் வார்த்துச் செய்கிற கல் அது. கீறினால் தேய்த்து எடுக்க முடியாது, கல்லையே மாற்ற வேண்டும், பழைய வண்ணத்துக்குப் புதிய கல் ஒத்துவராது. முள்ளுக்கு ரப்பர் குப்பி போடச் சொன்னால் போட்டுக்கொள்வார்கள், ஆனால் வழவழப்பில் ரப்பரும் நகரும். நகராத வழி, நாற்காலியின் முன்கால்கள் இரண்டிலும் மாட்டுகிற பட்டை. அந்தப் பட்டையின் நடுவளையத்தில் முள்ளை இறக்கிவிட்டால் ஆள் எழுந்தாலொழிய அசையாது. இந்தக் குழுவில் ஒருவர் கொண்டு வந்திருந்தார், இன்னொருவர் ஜமக்காளத்தின் ஓரத்தை மடித்து ஒப்பேற்றினார். நாற்காலி கைப்பிடி இல்லாததாக இருக்க வேண்டும். வாடகைக் கடை பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் கைப்பிடி வைத்தது, அதில் உட்கார்ந்து செல்லோ வாசிக்க முடியாது. சாப்பாட்டுக்கட்டில் போடுகிற மடக்கு நாற்காலி போதும்.

ஸ்டாண்டுக்கு ஒன்றுக்கு நாலு துணிக் கிளிப் வாங்கி வைத்துவிடுங்கள். பெடஸ்டல் ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி வரும்போது 12 ஸ்டாண்டிலும் தாள் புரள்வது பார்க்க வேடிக்கை, வாசிக்கிறவருக்கு அல்ல.

உருப்படிகளுக்கு வருவோம், மதிப்பீட்டின் சாரம் இங்கேதான்.

தொடக்கம் ‘வாதாபி கணபதிம்’, ஹம்ஸத்வனி. இந்த ராகத்தில் இருப்பது ஸ, ரி, க, ப, நி. மத்யமமும் தைவதமும் கிடையாது. சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரத்தை அடுக்கு என்றால், ஸ-க-ப ஓர் அடுக்கு, ப-நி-ரி இன்னோர் அடுக்கு, க-ப-நி மூன்றாவது. மேற்கத்திய முறைக்குப் பழகிய கை தானாகத் தேடிப்போகும், மத்யமத்தின் மேல் எழுப்பும் அடுக்குக்கு ராகத்தில் சுரமே இல்லை. எழுதியவர் இதை உணர்ந்து மூன்று அடுக்குக்குள்ளேயே நின்றிருக்கிறார். சங்கதிகள் (ஒரே வரியின் மாறுபட்ட வடிவங்கள்) வளர வளர அடுக்கை மாற்றாமல், முதலில் செல்லோ மட்டும், பிறகு வயோலா, பிறகு இரண்டாம் வயலின் என்று கனத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள். சங்கதியை நாயனம் மட்டும் வாசித்தது; முதல் வயலின்கள் கூட வாசிக்கவில்லை. கீர்த்தனையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு கமகத்தில் வாசித்தால் இரண்டும் கெடும் என்பதை அறிந்த கை. அன்றைய நிகழ்ச்சியில் மிகச் சிறந்தது இதுவே.

கல்யாணி கெட்டது, அதுவும் ஒரு சின்னக் காரணத்தால். 2 கட்டைக் கல்யாணிக்கு ‘ஜி-ஷார்ப்’ வேண்டும், பிரதி (ஏறிய) மத்யமம். எழுதியவர் வழக்கமான டி-மேஜர் போல முன்குறியில் (வரியின் தொடக்கத்தில் போடும் குறியில்) இரண்டு ஷார்ப் மட்டும் போட்டு, மத்யமம் வரும் இடத்திலெல்லாம் தனி ஷார்ப் குறி போட்டிருந்தார். அந்தத் தனிக் குறிக்கு அந்த ஒரு பார் (தாளக் கட்டம்) வரைக்கும்தான் ஆயுள். அடுத்த பாரில் மறுபடி போடாவிட்டால் பழைய ‘ஜி’யே. எங்கோ ஓரிடத்தில் குறி விட்டுப்போக, வயோலா சுத்த மத்யமத்தை நீளமாக இழுத்தது. நாயனம் பிரதி மத்யமத்தில் நிற்கிறது, கீழே சுத்த மத்யமம். பந்தியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். முன்குறியிலேயே மூன்று ஷார்ப் போட்டிருந்தால் இந்தப் பிழைக்கு இடமே இல்லை. மேளகர்த்தா (ஏழு சுரமும் உள்ள தாய்) ராகம் எதுவானாலும் அதன் சுரங்களையே முன்குறியாக எழுத வேண்டும். மேற்கத்திய நூலில் அப்படி ஒரு முன்குறி உண்டா என்று தேடக் கூடாது. கீரவாணிக்கு ஒரு ஃபிளாட்டும் ஒரு ஷார்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பார்க்க விநோதமாக இருந்தால் இருக்கட்டும்.

தோடி பெரும் ஏமாற்றம். தோடியில் காந்தாரம் நின்ற இடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டம்தான் தோடி. அதன் கீழே காந்தாரத்தை அசையாமல் பிடிக்கிற ஓர் அடுக்கை வைத்தால், நாயனம் ஆடுகிற ஒவ்வொரு முறையும் அடுக்கோடு இடிக்கும். இடிக்காமல் இருக்க நாயனக்காரர் தன்னை அறியாமல் ஆட்டத்தைக் குறைத்தார். ஆலாபனை பாதியிலேயே மேற்கத்திய ஃப்ரிஜியன் ஸ்கேலாக உலர்ந்துவிட்டது. தோடிக்கு நாயனக்காரர் டி. என். ராஜரத்தினம் பிள்ளையை நினைக்கிற ஊரில் இது சின்னக் குற்றமல்ல. செய்திருக்க வேண்டியது எளிது: செல்லோவும் பேஸும் ஸட்ஜ பஞ்சமத்தை மட்டும், வில் திருப்புவது தெரியாமல் மாற்றி மாற்றி இழுத்துத் தம்பூரா போல நிற்பது, மற்றவர்கள் வில்லை மடியில் வைத்துக்கொள்வது. சஹானா, ஆனந்தபைரவி, நீலாம்பரி, பேகடா, வராளி ஆகியவற்றுக்கும் இதே விதி. இவற்றை ஆர்கெஸ்ட்ராவோடு கேட்கிற வீட்டாரிடம் குழுவே முடியாது என்று சொல்ல வேண்டும். சொல்கிற குழுவை நம்பலாம்.

பொருந்துகிற ராகங்கள் எவை என்று கேட்டால்: சங்கராபரணம், ஹம்ஸத்வனி, மோகனம், கதனகுதூகலம், கவனத்தோடு கல்யாணி, கீரவாணி. மோகனத்தில் ஸ-க-ப, த-ஸ-க என்று இரண்டே அடுக்குதான் முழுசாகக் கிடைக்கும். எழுதுபவருக்குப் பொறுமை வேண்டும். கீரவாணி மேற்கத்திய ஹார்மோனிக் மைனரோடு அப்படியே பொருந்துவதால் எழுதுவது சுலபம், அதனாலேயே படப் பின்னணி இசை மாதிரி ஆகிவிடும் ஆபத்தும் அதிகம். இவர்களுடையது ஆகிவிட்டது.

முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டு சாஹித்யம் இரண்டு வாசித்தார்கள். அவர் காலத்தில் கேட்ட மேற்கத்திய பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாஹித்யம் எழுதியவை; ‘ஸந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டு. கமகமே இல்லாத நேர்சுரம், அடுக்கு வைக்கத் தானாக இடம் கொடுக்கும். அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர்தான் வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கலப்பு இன்றைய ஃபேஷன் என்று முகம் சுளிப்பவர்களுக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. வந்திருந்த சின்னக் குழந்தைகள் ரசித்ததும் இதைத்தான். கடைசியில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் இங்கிலீஷ் நோட்டு. நரம்பு வாத்தியம் முழுக்க இறங்கி வாசித்தார்கள். அங்கே நாயனம்தான் விருந்தாளி. இப்படி இடம் மாறி உட்காருவது நன்றாகவே இருந்தது.

அடுக்கு வைக்கும்போது ஒரு நுணுக்கம். சுத்தமாகச் சேர்ந்த அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட். பியானோ, கீபோர்டில் அதே சுரம் 400. ஒத்து ஓடிக்கொண்டிருக்கும்போது கீபோர்டின் காந்தாரம் 14 சென்ட் தூக்கலாக நின்று நெருடும். வயலின் கூட்டத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, விரலை இம்மி நகர்த்திக்கொள்ளலாம். ஆள் செலவைக் குறைக்க, வயோலாவுக்குப் பதில் கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் போட்டுக்கொள்கிறோம் என்று குழு சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆள் குறைந்தாலும் நிஜ நரம்பே இருக்கட்டும்.

தாளம். ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம் (ஒரு சுற்று), 4/4இல் இரண்டு பார். ரூபகத்துக்கு மூன்று எண்ணிக்கை, மிச்ர சாபுக்கு 7/8 என்று எழுதுவதில் கஷ்டமில்லை. சமத்தில் (தாளச் சுற்றின் முதல் அடியில்) தொடங்காமல் அரை இடம், முக்கால் இடம் தள்ளித் தொடங்கும் பாட்டில்தான் சிக்கல். பாட்டின் முதல் எழுத்தில் பார் கோட்டைப் போடக் கூடாது; சமத்தில் போட வேண்டும். பாட்டின் முதல் எழுத்தில் போட்டால் கண்டக்டர் கை கீழே இறங்கும் இடமும் தவில் சமம் விழும் இடமும் வேறாகி, தீர்மானம் (மூன்று முறை வாசித்து முடிக்கும் கோவை) முடியும்போது பன்னிரண்டு பேரும் அந்தரத்தில் நிற்பார்கள். இந்த ஸ்கோரில் அது சரியாக இருந்தது.

தீர்மானம் எழுதிய முறையும் பாராட்டத் தக்கது. ஆதி தாளம் ஒரு சுற்றுக்கு 32 மாத்திரை. ‘ததிங்கிணதொம்’ ஐந்து மாத்திரை, மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு கார்வை (இடைவெளி): 5+2+5+2+5, ஆக 19. சமத்திலிருந்து 13 மாத்திரை விட்டுத் தொடங்கினால் அடுத்த சமத்தில் இறங்கும். இதை மேற்கத்திய வழக்கப்படி நாலு நாலாகக் கோடு கட்டி எழுதினால் ஐந்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்கே தெரியாது. தாள் முழுக்கச் சுரங்களைப் பிணைக்கும் வளைவாக நிறைந்துவிடும், வாசிக்கிறவர் தடுக்கி விழுவார். இவர்கள் ஐந்தை ஐந்தாகவே ஒரே கோட்டில் கட்டி, மேலே சொல்லையும் தமிழில் எழுதியிருந்தார்கள். ஒத்திகையில் வாத்தியத்தைத் தொடுமுன் வாயால் சொல்லிப் பார்த்தார்களாம். கொன்னக்கோல் (தாளச் சொல்லை வாயால் சொல்வது) தெரியாமல் இந்த இடத்தைக் கடக்க முடியாது. ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வேலை செய்த மிருதங்க வித்வான் காரைக்குடி மணியின் வழியும் லயத்தை முன்னே வைப்பதுதான். தனி ஆவர்த்தனத்தில் நரம்பு வாத்தியம் முழுக்க ஓய்ந்திருந்து, கடைசிக் கோர்வையின் மூன்றாவது சுற்றில் மட்டும் சேர்ந்தது. சமம் பாறை மாதிரி விழுந்தது.

ஆனால் ஒன்று. மேற்கத்திய இசையில் முடிவு நெருங்கும்போது வேகத்தைத் தளர்த்துவது வழக்கம். நம் முறையில் காலப்பிரமாணம் கடைசிவரை மாறாது. மோகனம் முடியும்போது கண்டக்டர் கையைத் தளர்த்தினார், மிருதங்கம் தளரவில்லை, வயலின்கள் இரண்டுக்கும் நடுவே சிதறின. இதை ஒத்திகையிலேயே பேசி முடிக்க வேண்டும். யார் கையைப் பார்ப்பது என்பதில் ஒரே விடைதான் இருக்கலாம். வளவின் ஒரு மூலையில் தவில், எதிர் மூலையில் பேஸ், நடுவே 10 மீட்டர் என்றால் சத்தம் போய்ச் சேரவே ஏறத்தாழ 30 மில்லி செகண்ட். அதற்குமேல் சுவர் எதிரொலி. காதால் பின்தொடர்ந்தால் பின்தங்குவார்கள். கண்ணால்தான் சேர வேண்டும், அதற்குத் தூண் மறைக்கக் கூடாது. கண்டக்டரை வளவின் நடுவே திறந்த வெளியில் நிறுத்தி, மிருதங்கத்தை அவருக்கு இடக்கையோரம் உட்காரவைத்தால் சரியாகும்.

சத்தச் சமன்: 12 நரம்பு வாத்தியமும் சேர்ந்து ஒரு பாரி நாயனத்தை ஈடுகட்ட முடியாது. நாயனத்துக்கும் தவிலுக்கும் மைக் வேண்டவே வேண்டாம். முகப்புப் பக்கம் தள்ளி, வாயில் பக்கம் திரும்பி உட்காரட்டும். வயலின்களுக்குப் பாலத்தருகே மாட்டும் சின்ன மைக், செல்லோவுக்கும் பேஸுக்கும் தனித்தனி மைக். பழைய வீட்டு வயரிங்கில் எர்த் சரியாக இராது. ஸ்பீக்கரில் ஒரு ஹம் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அந்த ஹம் மேற்கத்திய ‘ஜி’க்கு 35 சென்ட் மேலே. 2 கட்டை ஸட்ஜத்துக்கு அது தூக்கலான மத்யமம். ஹம்ஸத்வனிக்கு அடியில் நாள் முழுக்க மத்யமம் ஒலித்தால் எப்படி இருக்கும்? சவுண்டுக்கென்று தனி ஜெனரேட்டர், சரியான எர்த், லைட்டிங்காரருக்கு வேறு லைன். சவுண்டு என்ஜினியர் இந்தக் குழுவின் விலையில் சேர்த்தியில்லை. உள்ளூர் மைக் செட்காரரிடம் விட்டிருந்ததால் காலையில் முழுக்க ஹம். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்பதால் வரவேற்பு ஏழு மணிக்காவது தொடங்க வேண்டும்.

காலை விஷயத்துக்கு வருவோம். திருப்பூட்டு நேரம் கடிகாரத்தில் குறித்திருக்கும், ஆனால் நிகழும் கணம் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. மாப்பிள்ளை கழுத்துருவை (நகரத்தார் தாலியை) கையில் எடுத்ததும் யாரோ ஒருவர் கையைத் தூக்குவார், ‘கெட்டி மேளம்’ என்று குரல் வரும். என்ன வாசித்துக்கொண்டிருந்தாலும் அந்த நொடியே அறுத்துக் கெட்டி மேளத்துக்குப் போக நாயனத்துக்கும் தவிலுக்கும் தெரியும். அதுதான் அவர்கள் தொழில். தாளில் எழுதியதை வாசிக்கிற 12 பேருக்கு, பாரின் நடுவே அறுத்துவிட்டு எங்கே போவது? அன்று கண்டக்டர் கையை உயர்த்தி நிறுத்த நாலு பேர் நின்றார்கள், மற்றவர்கள் வாக்கியத்தை முடித்துவிட்டு நின்றார்கள். அந்த இரண்டு விநாடிக்குள் கழுத்துரு ஏறிவிட்டது. வீடியோவில் அது நிரந்தரமாக இருக்கும். பிறகு சடங்குக்குச் சடங்கு இதே கதை: பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கும்வரை இசை நீள வேண்டும், முடிந்ததும் நிற்க வேண்டும். நாயனம் ஒரு பல்லவியை அரை மணியும் இழுக்கும், அரை நிமிடத்திலும் முடிக்கும். ஸ்கோரில் ‘திரும்ப வாசி’ என்று பெட்டி போட்டு எழுதினாலும் அந்த நெகிழ்ச்சி வராது. வாசிப்பவர்களின் குறையல்ல இது. வைத்த இடம் தப்பு.

காலைக்கு ஆர்கெஸ்ட்ரா வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தால், மாப்பிள்ளை அழைப்பில் வாயிலில் ஒரு நோட்டு, விருந்தின்போது ஒரு மணி நேரம். அதோடு சரி.

பணம். மேளத்துக்குக் கொடுப்பதைப்போல் நாலைந்து மடங்கு ஆகும். அதில் பெரும்பகுதி ஆட்களின் கால்ஷீட்டும் பயணமும். பல்லவன் எக்ஸ்பிரஸில் ஆட்கள் இரவு காரைக்குடியில் இறங்கிவிடலாம். டபுள் பேஸ் ரயிலில் வராது, அதற்கு வேன் தனி, அந்த வாடகை எஸ்டிமேட்டில் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. ஒத்திகைக்குத் தனிக் கால்ஷீட் கேட்பார்கள். கொடுங்கள். நாயனக்காரரோடு மூன்று மணி நேரமாவது உட்காராத குழு உருப்படியாக வாசிக்காது. உள்ளூர் மேளத்துக்கும் அந்த ஒத்திகை நாளுக்கு ஊதியம் உண்டு என்பதை வீட்டார் மறந்துவிடுகிறார்கள்; இந்தக் கல்யாணத்திலும் அதைக் கடைசியில் பேசித்தான் தீர்த்தார்கள். இன்னொன்று, மாலைக் கச்சேரிக்காரர்களுக்கு மத்தியானப் பந்தியைச் சீக்கிரம் போட்டுவிடுங்கள். கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் நாலு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்கு மிச்ர சாபு எண்ணச் சொல்வது நியாயமில்லை.

அட்வான்ஸ் கொடுக்குமுன் கேட்க வேண்டியது: ஸ்கோர் எழுதியவர் யார், அவருக்குக் கர்நாடக சங்கீதம் வாசிக்கவோ பாடவோ தெரியுமா, தோடி கேட்டால் என்ன செய்வார். மூன்றாவது கேள்விக்கு “ஸட்ஜ பஞ்சமம் மட்டும் பிடிப்போம்” என்று பதில் வந்தால் புக் செய்யலாம். “அழகா ஹார்மனி பண்ணித் தருவோம் சார்” என்றால் போனை வைத்துவிடுங்கள். உங்கள் விசேஷத்துக்கென்று புதிதாக எழுதும் ஸ்கோருக்குத் தனிக் கட்டணம் வாங்கினால், அதன் பிரதி ஒன்று உங்களுக்கும் உங்கள் மேளக்காரருக்கும் சேர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த விசேஷத்துக்கு ஆட்கள் மாறினாலும் தாள் அதே தாள்தான். மேளக்காரரும் கட்டையைச் சரிபார்த்து வைத்திருப்பார்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: மாலைக்கு ஐந்துக்கு நாலு, தோடியைக் கழித்து. காலைக்கு ஐந்துக்கு ஒன்று; அந்த ஒன்றும் மேளக்காரருக்கு.